அம்மா பொத்திய வாய்

“கையை எடும்மா. வாயைத் திறந்து காட்டு.”

மாரியாத்தாள் வீட்டு வாசலில் இந்தப் பல் பேச்சை எடுக்கவே கூடாதென்று வழி நெடுக அம்மா கெஞ்சிக்கொண்டு வந்தாள். அவள் மாட்டு வேலையை முடிக்கும்வரை பொறுத்திருந்து எடுத்துவிட்டேன்.

சூலூர்ப் பக்கம் அவர்கள் தோட்டத்தில் அம்மாவுக்கு மாட்டு வேலை. பண்ணாடிச்சியான அந்த முதலாளியம்மா முன்னால் பேசும்போது உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். எச்சில் தெறித்துவிடக் கூடாதாம். பழகிப் பழகி சக்கரை டாக்டரிடமும் அப்படியே. அவரும் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார், சக்கரை இறங்கவில்லை. ஈறு வீங்கிச் சீழ் வைத்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். மெல்ல முடியாமல் டீயில் பன்னை நனைத்து விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் பல் டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

“பல்லு வலிக்கா அம்மணி இத்தன ஆர்ப்பாட்டம்?” மாரியாத்தாள் சிரித்தார். “எனக்குந்தான் சக்கரை இருக்குது. பல்லுத் தேய்க்கையில ரத்தம் வரும். கிராம்பு வெச்சுக்குவேன்.”

“அப்ப நீங்களும் போய்க் காட்டுங்க. சக்கரை ஏறுனா ஈறு கெடுதுங்க. ஈறுல சீழ் இருந்தா சக்கரை எறங்க மாட்டேங்குது. ரெண்டையும் ஒண்ணாப் பாக்கோணும்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. நாளைக்கு அம்மாவுக்கு ஈறு சுத்தம் பண்றாங்க.”

“நாளானைக்கு எங்க பொண்ணு ஹர்ஷிணிக்கு நிச்சயம். மாட்டை யாரு பாக்கறது? முடிஞ்சு போவட்டும் கண்ணு. படிச்ச புள்ள, உனக்குத் தெரியாததா?”

கண்ணு, அம்மணி. திட்டுவதென்றாலும் இங்கே வெல்லம் போட்டுத்தான் திட்டுவார்கள். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். அதையும் எனக்கு எதிராகவே திருப்புகிறார்.

“அப்பறமாப் பாத்துக்கலாம் இளவேனிலு.” விரலிடுக்கில் அம்மாவின் குரல்.

“ரெண்டு பல்லு ஆடுதும்மா. அப்பறம்னா எத வெச்சு மெல்லுவ?”

“நாளைக்கு வரலீன்னா வேற ஆள் பாத்துக்குவோமுங்க,” என்றார் மாரியாத்தாள். அந்த ‘ங்க’ மட்டும் குறையவில்லை.

“பாத்துக்குங்க,” என்றேன்.

“வாயை மூடு சாமி,” என்று அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

“ரெண்டு பேருமே மூடிக்கிட்டா யாரும்மா கேக்கறது? காலையில மொத பஸ்ஸு. நீ வாரியா, தூக்கிட்டுப் போவட்டுமா?”

அம்மா என்னை முறைத்தாள். பிறகு சாணிக்கூடையை மாடு கட்டும் கட்டுத்தரை ஓரம் கவிழ்த்து வைத்தாள்.

“மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சுங்க. நாளைக்கு நான் வரலீங்க.”

மாரியாத்தாளின் பதிலுக்கு நான் நிற்கவில்லை. அம்மாவின் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு அவளோடு கேட்டைத் தாண்டி நடந்தேன்.