மங்கையற்கரசி கேட்ட ஓம்

ஸ்காபரோவில் இயங்கும் தமிழ் வானொலி ஒன்றில் ஞாயிறு காலை அரை மணி நேரம் சண்முகலிங்கத்துடையது. பழைய சீனத்துத் தாவோ தத்துவத்தை வைத்து இன்றைய உலகத்தை அளப்பார். போரோ, தேர்தலோ, வாடகைச் சட்டமோ, எதைக் கொடுத்தாலும் அவரிடம் மருந்து ஒன்றுதான்: தலையிடாதே, எல்லாம் தன்பாட்டில் நடக்கட்டும்.

ஊரில் இயக்கமும் இராணுவமும் மாறி மாறி விசாரித்த காலத்தில், வாயே திறக்காமல் இருந்து உயிர் தப்பியவர் அவர். அந்தப் பயத்துக்கு ரொறன்ரோ நூலகத்தில் தாவோ என்று மரியாதையான ஒரு பெயர் கிடைத்தது. விடுவாரா?

டொக்டரின் உதவியோடு சாகக் கனடாச் சட்டம் இடம் கொடுப்பதையும் ஒரு ஞாயிறு வெளுத்து வாங்கினார். "சாவைக்கூட அப்பொயின்ற்மென்ற் வைச்சுக் கூப்பிடுற நாடு இது" என்றார். பிறம்ரனில் லொறி ஓடும் யோசப் போன் எடுத்து, "அண்ணை, கண் கலங்கிப் போச்சு" என்றான்.

அதை வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்றில் படுத்தபடி அவர் மனைவி மங்கையற்கரசி கேட்டுக்கொண்டிருந்தாள். உடம்பை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய் அவளுக்கு. ரேடியோவை நிற்பாட்டக்கூட அவளால் முடியாது.

அவர் வீட்டுக்கு வந்து, அவள் வயிற்றுக் குழாயில் பால்மாக் கரைசலை ஊற்றினார்.

"இஞ்சருங்கோ. அந்தச் சாக உதவுற டொக்டருக்கு ஒருக்கா போன் அடியுங்கோ. எனக்குப் போதும்" என்றாள். நாக்குத் தடித்த பேச்சு. அவருக்கு மட்டும் முழுதாக விளங்கும்.

"அது தன்பாட்டில வரும், மங்கை. நாங்கள் தலையிடக் கூடாது."

"தன்பாட்டில சாவு போன மாரிகாலமே வந்தது. மறிச்சது நீங்கள். மூச்சு மெசின், சளி இழுக்கிற மெசின், இந்தக் குழாய். உதெல்லாம் தலையிடுறதில்லையோ?"

வானொலியில் இப்படி யாராவது கேட்டிருந்தால் விளம்பரம் போட்டிருப்பார். இங்கே குழாயைக் கழுவினார்.

"கௌசியைக் கேட்டால் அடிச்சுத் தருவாள். ஆனால் பெத்த மகளின்ரை ஓம் எனக்கு வேண்டாம். இவ்வளவு காலமும் என்னோட இருந்தது நீங்கள். நீங்கள் ஓம் எண்டு சம்மதிச்சால்தான் நான் நிம்மதியாப் போவன்."

"யோசிப்பம்."

அவர் யோசிப்பம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அது அவளுக்குக் கல்யாணமான வருடமே தெரியும்.

"சரி. அப்ப இதொண்டுக்காவது ஓம் சொல்லுங்கோ. எனக்கு மூச்சு நிண்டால் தொண்டைக்குள்ளை குழாய் விட விடாதேங்கோ."

அவர் அவள் கையைத் தடவினார். மௌனத்தையே சம்மதமாக எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தார். சம்மதமா இல்லையா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

தைமாதப் பனிக்குள் அவள் குரல் போயிற்று. கண் மட்டும் மிஞ்சியது. மூடித் திறந்தால் ஓம் என்று வைத்துக்கொண்டார்கள். பின்னேரங்களில் அவள் மேசையிலிருந்த போனைப் பார்ப்பாள்; பிறகு அவரைப் பார்ப்பாள். அவர் போர்வையைச் சரிசெய்வார். பாவி மனிதர், அதற்கும் பொறுமை என்று பெயர் வைத்திருந்தார்.

பனி கரையத் தொடங்கிய ஒரு காலை அவளுக்குச் சளி அடைத்து முகம் நீலம் பாய்ந்தது. அம்புலன்ஸ் வந்தது. அவசரப் பிரிவில் ஓர் இளம் டொக்டர் அவர் தோளைப் பிடித்து, தொண்டையில் குழாய் விட்டு மெசினில் போடலாமா, இல்லை விட்டுவிடலாமா, அவளுடைய விருப்பம் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கணவர்தான் சொல்ல வேண்டும், இப்போதே.

இத்தனை ஞாயிறும் பேசியதில் ஒரு சொல்லும் அவருக்கு நினைவு வரவில்லை.

"ஓம்" என்றார். டொக்டருக்கு விளங்கவில்லை. "யெஸ், யெஸ்! டூ எவ்ரிதிங்!" என்று அந்த நடைபாதை முழுக்கக் கேட்கக் கத்தினார்.

எல்லாவற்றையும் செய்தார்கள்.

மறுநாள் மத்தியானம் மங்கையற்கரசிக்கு நினைவு திரும்பியது. அவள் கண் முதலில் தொண்டைக்குப் போகும் குழாயைப் பார்த்தது. அதன் வழியே மெசின்வரை போயிற்று. பிறகு தேடி அவரிடம் வந்து நின்றது.

"மங்கை," என்று அழுதார். "நான் அந்த டொக்டருக்குப் போன் அடிக்கிறன். ஓம் மங்கை, ஓம். நீர் கேட்டதுக்கு ஓம். அடிக்கட்டோ?"

அவள் கண்ணை மூடினாள்.

திறப்பாள் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மெசின் அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பார்வையாளர் நேரம் முடிந்து நர்ஸ் அவரை எழுப்பி அனுப்பும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.