ஒத்திகைக்கு வந்த சம்பந்தி

மோக் சாவ் மலையிலிருந்து மூய் அத்தை கைபேசியில் கூப்பிடும்போதெல்லாம் லுவாவின் பயணத் திட்டத்தில் ஒரு தீவு கூடிவிடும். முதலில் ஒரு குகை, ஒரு குளியல், மதியச் சாப்பாடு என்று அடக்கமாகத்தான் இருந்தது. பிறகு குரங்குகள் இறங்கிவரும் மணல்திட்டு சேர்ந்தது. அதற்குப் பிறகு, புகைப்படத்தில் பின்னால் மூன்று குன்றாவது தெரிகிற இடம்.

"கண்ணு, படகுல கரோக்கி உண்டுல்ல?"

"உண்டு அத்தை. மைக்குதான் ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணா? எங்க வீட்டுல பாடத் தெரியாதவங்களே ஏழெட்டுப் பேரு. எல்லாரும் பாடுவாங்களே!"

லுவா சிரித்துவிட்டுக் கைபேசியை வைப்பாள். வைத்ததும் திட்டத்தை எடுத்து முதலிலிருந்து மறுபடி பார்ப்பாள்.

இரண்டு வாரத்தில் மூய் அத்தை தன் மகன் கியெமுக்காக, வீட்டாரோடு அவளைப் பெண் கேட்டு வருகிறாள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துப் பேச வேண்டும் என்பது முறை. லுவாவின் வீடு படகுதான். அவள் பிறந்தது லான் ஹா விரிகுடாவில் மிதந்த மீன்வளர்ப்புக் கூண்டின் மேலிருந்த பலகைக் குடிசையில். அப்பா துவான் பிறகு மரப்படகு வாங்கிச் சுற்றுலாக்காரர்களை ஏற்ற ஆரம்பித்தார். ஆகவே தேநீர் படகிலேயே ஊற்றப்படும், கூடவே தீவுகளையும் சுற்றிக் காட்டிவிடலாம் என்பது லுவாவின் யோசனை.

துவான் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"வரட்டும். முதல்ல என் படகு அவங்களை ஏத்துக்கட்டும். அப்புறம் நான் ஏத்துக்கறேன்" என்றார். "மலைக்காரங்களுக்குத் தண்ணின்னா தேயிலை போடற தண்ணிதான்."

படகு எப்படி ஏற்றுக்கொள்ளும், எதைப் பார்த்து முடிவு செய்யும் என்று கேட்டால் பதில் வராது. அதனால் லுவா ஒன்று விடாமல் யோசித்தாள். பெரிய வரைதாளில் தீவுகளை வரைந்து, போகும் வழியைப் பச்சையிலும் திரும்பும் வழியை ஆரஞ்சிலும் தீட்டினாள். குன்றுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் குளத்துக்குள் போக ஒரே வழி, பாறைக்கு அடியில் இருக்கும் துவாரம். நீர் வற்றும்போது துடுப்புப் படகில் குனிந்தபடி நுழையலாம். நீர் ஏறிவிட்டால் கதவு சாத்தியதுபோல்தான். உள்ளே போன மூய் அத்தை வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தால்? அதற்கும் நேரம் ஒதுக்கினாள். குமட்டலுக்கு இஞ்சி மிட்டாய் வாங்கினாள். காலை வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்து நாற்காலிகளை மாற்றிப் போட்டாள். பிறகு தான் கணக்குப் போட்டது சரிதானா என்று சந்தேகம் வந்து, மறுநாள் காலையும் அதையே பார்த்தாள்.

"காத்துக்கும் நேரம் குறிச்சிருக்கியா?" என்று கேட்டான் கியெம். காத் பா தீவில் விடுதிகளுக்கு மின்கம்பி இழுக்கிறவன்.

"குறிச்சிருக்கேன். உங்கம்மாவுக்குத்தான் குறிக்க முடியல."

அது உண்மையாகிவிட்டது. மறுநாள் காலை பென் பேவ் துறையில், சொல்லாமல் கொள்ளாமல் மூய் அத்தை வந்து நின்றாள். கூடவே அவள் தங்கை யென் சித்தி. கையில் தேயிலைப் பொட்டலம், பால்கட்டி இனிப்பு, புகைபோட்ட எருமைக் கறி.

"பொறுக்கல கண்ணு! பெரிய பயணத்துக்கு முன்னாடி சும்மா ஒரு ஒத்திகை. உங்கப்பா கோச்சுக்குவாரா?"

துவான் கோபித்துக்கொள்ளவில்லை. கியெமும் கூட ஏறிக்கொள்ள, எல்லோருக்கும் லைப் ஜாக்கெட்டுகளை எடுத்து நீட்டினார். அத்தையின் ஜாக்கெட் வாரை அவரே இழுத்துக் கட்டினார். "மூச்சு விட முடியுதா?" என்று கேட்டார். "விட்டுட்டேதான் இருக்கேன், இன்னும் உள்ள இழுக்கல" என்றாள் அத்தை.

படகு துறையைத் தாண்டியதும், பனி விலகுகிற கடலிலிருந்து சுண்ணாம்புக் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அத்தை படகின் முன்முனைக்குப் போய் நின்றுகொண்டாள்.

"அட, இது எங்க ஊரு மலை! எல்லாமே எங்க ஊரு மலைதான்! யாரோ கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்திட்டாங்க!"

சுக்கான் பிடித்திருந்த துவானின் மீசை லேசாக அசைந்தது. லுவா அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு அங்கேயே ஒரு குதி குதிக்க வேண்டும் போலிருந்தது.

குளத்துக்குள் போனார்கள். அத்தை பாறைக்கு அடியில் குனிந்து, "ஐயோ, மலை என் முதுகைச் சொறியுது!" என்று கத்தினாள். உள்ளே இருந்த அமைதியில் யென் சித்தி வீடியோ எடுத்தபடி அழுதாள். எதற்கு என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றாள். அடம்பிடிக்கவென ஒதுக்கிய நேரம் தீர்ந்துபோய், லுவா கைகூப்பிக் கெஞ்சித்தான் அவர்களை வெளியே அழைத்துவர வேண்டியிருந்தது. எல்லாம் இவ்வளவு நன்றாகப் போனால் பயம் வரும் அவளுக்கு. அன்றைக்குப் பயப்படவும் மறந்துவிட்டாள்.

மதியம், பாவ் மாமாவின் மீன்கூண்டு வீட்டுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டார்கள். பாவ் மாமா துவானோடு வளர்ந்தவர். தன் கூண்டிலிருந்து அவரே ஒரு கலவாய் மீனைப் பிடித்துக் கொடுத்தார். இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு முழுதாக ஆவியில் வேகவைத்த மீன் தட்டு நிறையக் கிடந்தது. சாப்பிட வசதியாக இருக்கட்டும் என்று எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்தார்கள். மூய் அத்தை மட்டும் கழற்றவில்லை. அது தனக்கு அழகாக இருக்கிறதாம்.

மீனின் மேல்பக்கம் தீர்ந்தது. முள் தெரிந்தது. துவானின் கிண்ணம் காலியாக இருப்பதை அத்தை கவனித்தாள்.

"நீங்க ஒண்ணுமே சாப்பிடல. இருங்க, நல்ல துண்டு கீழதான் இருக்கு" என்றபடி சாப்பாட்டுக் குச்சிகளையும் கரண்டியையும் அடியில் கொடுத்து, சமர்த்தாக மீனைப் புரட்டிப் போட்டாள்.

துவான் குச்சிகளைக் கீழே வைத்தார்.

படகில் சாப்பிடுகிறவர்கள் மீனைப் புரட்டமாட்டார்கள். மீன் எப்படிப் புரளுமோ அப்படியே படகும் புரளும். மேல்பக்கம் தீர்ந்தால் முள்ளை எடுத்துவிட்டுக் கீழே இருப்பதைத் தின்பார்கள். நீர்மேல் பிறந்த குழந்தை பேச்சு வருவதற்கு முன்பே கற்றுக்கொள்கிற விஷயம் அது. அதனாலேயே அதை ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது லுவாவின் புத்தியில் தட்டவில்லை. மூச்சு விடுங்கள் என்று விருந்தாளியிடம் யாராவது சொல்வார்களா? கியெமும் இங்கே எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறான். அவன் கை நீளுவதற்குள் அப்பாவே முள்ளை எடுத்துவிடுவார்.

"நங்கூரத்தைத் தூக்கு" என்றார் துவான்.

"அப்பா, அவங்களுக்குத் தெரியாதுப்பா."

"படகுக்குத் தெரியும். அது பதில் சொல்லிடுச்சு. பயணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அத்தை விழித்தாள். லுவா திக்கித் திக்கி விஷயத்தைச் சொல்ல, அத்தையின் முகம் மீனைவிட வெளுத்துப்போனது. ஜாக்கெட் வாரை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சரி. செஞ்சது தப்பு. இதுக்குப் பரிகாரம் என்ன?"

"தெரியாது" என்றார் துவான். "என் படகுல இதுவரைக்கும் எவனும் இப்படிச் செஞ்சதில்ல."

"மறுபடி திருப்பிப் போடுங்கடா!" என்று கூண்டு வீட்டிலிருந்து பாவ் மாமா குரல் கொடுத்தார்.

"புத்தியிருக்கா உங்களுக்கு?" உள்ளேயிருந்து அவர் மனைவி. "அப்ப ரெண்டு தடவை கவுந்த கணக்காயிடும்!"

"கவுந்து நிமிந்த கணக்குடி!"

"மீனைக் கடல்ல போட்டுரலாமே" என்றான் கியெம்.

"வெந்த மீனையா? அது போய்க் கடல்ல என்ன பண்ணும்?" என்றாள் யென் சித்தி.

மூய் அத்தை எழுந்தாள். தொப்பியைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்தாள். "ஏதோ ஒண்ணு கவுந்தே தீரணும். அவ்வளவுதானே? பாவம், படகு என்ன செஞ்சுது? புரட்டினது நான்."

"உக்காருங்க" என்றார் துவான். "என்ன பண்றீங்க? அம்மா, உக்காருங்க!"

அத்தை படகோரத்து ஏணியில் இரண்டு படி இறங்கி, கண்ணை மூடி, கையை விட்டுவிட்டாள்.

தண்ணீர் மேல்தளம் வரை தெறித்தது. யென் சித்தி அலறினாள், ஆனால் வீடியோவை நிறுத்தவில்லை. ஆரஞ்சு ஜாக்கெட் முதலில் மேலே வந்தது. பிறகு அத்தையின் தலை.

"ஐயோ, உப்பு!" என்று துப்பினாள். கையைக் காலை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். "ஐயோ... ஐயோ, நல்லாயிருக்கு! யென், கீழ ஒண்ணுமே இல்லடி! ஒண்ணுமே இல்லாம நிக்கறேன்!"

துவான் வாயைத் திறந்தபடி நின்றார்.

"சம்பந்தி! கவுற வேண்டியது கவுந்தாச்சு. இன்னும் பாக்கி இருக்கா?"

துவானின் தோள் குலுங்கியது. லுவா முதலில் பயந்தே போனாள். பிறகுதான் அவர் சிரிக்கிறார் என்று புரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.

"முதல்ல மேல வாங்கம்மா!"

"பயணம் உண்டா?"

"உண்டு, உண்டு."

"கல்யாணம்?"

"அதைத் தேநீர் ஊத்தித்தான் பேசணும். அதான் முறை."

"ஊத்தறதுக்கு இவ்வளவு தண்ணி இருக்கே! இப்பவே பேசுவோம். ஆறாம் மாசம்."

"அடுத்த மாசமா? பத்தாம் மாசம் வெச்சுக்கலாம். புயலெல்லாம் ஓஞ்சிரும்."

"அப்ப அதுவரைக்கும் நான் இங்கேயே கெடக்கறேன்."

சொன்னபடியே கிடந்தாள். நீரோட்டம் அவளை மெல்ல இழுத்துக்கொண்டு போனது. பாவ் மாமா துடுப்பை நீட்டி, தெப்பத்தைத் தள்ளுவதுபோல் அவளைத் திரும்பப் படகுப் பக்கமாகத் தள்ளிவிட்டார். "எட்டாம் மாசம் சொல்லுங்கம்மா, எட்டு!" என்று எடுத்தும் கொடுத்தார்.

"நீ யார் கட்சிடா?" என்று கத்தினார் துவான். "சரி, ஒன்பது! ஒன்பதுக்கு மேல இறங்க மாட்டேன்!"

"ஒன்பது! எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?"

"என்னை யாரும் கேக்கவே இல்லையே!" என்றாள் லுவா.

கடலிலிருந்து அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் கண்ணு, உனக்கு வேணாமா?"

"வேணும்!"

எவ்வளவு பலமாகக் கத்தினாள் என்பது எதிர்க்குன்று அதைத் திருப்பிச் சொன்னபோதுதான் அவளுக்கே தெரிந்தது. வேணும் என்றது அது. அதற்குப் பின்னாலிருந்த குன்றும் சொன்னது. கியெமுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உடுத்திய துணியோடு ஓடிப்போய்க் கடலில் குதித்தான்.

குதித்த பிறகுதான், தனக்கு நீச்சல் தெரியாது என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது.

லுவா கயிற்றைப் பாய்ந்து எடுத்தாள். வலப்பக்கம் ஒரு ஆள், இடப்பக்கம் ஒரு ஆள். "அப்பா, யாருக்கு முதல்ல?"

"மாப்பிள்ளைக்குடி!" என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினார் துவான். "சம்பந்தியம்மாதான் சுகமா மிதக்கறாங்களே!"