பக்கத்து அறைப் பிள்ளையின் பசி

இஸ்திரிக்காரிக்குச் சலவை ஆலையில் காலை வேலை. மடிப்புக்காரிக்கு மதியத்துக்கு மேல். இரண்டு பேருக்கும் கைப்பிள்ளை, இரண்டு பேரும் ஒரே மாடியில் பக்கத்துப் பக்கத்து அறை. இவள் போனால் அவள் இரண்டையும் பார்த்துக்கொள்வாள், அவள் போனால் இவள். பார்த்துக்கொள்வது என்றால் தொட்டிலை ஆட்டுவதோடு முடியவில்லை. அழுகிற பிள்ளை யாருடையது என்று பார்க்காமல் மடியில் போட்டுப் பால் கொடுப்பார்கள். இந்த ஏற்பாடு மட்டும் இல்லை என்றால் இரண்டு பேரும் எப்போதோ வேலையை விட்டிருப்பார்கள்.

அன்றைக்கு மடிப்புக்காரிக்கு வார விடுப்பு. அதை நம்பித்தான் இஸ்திரிக்காரி டம்ளரைக் கையில் வாங்கினாள். முப்பது வருஷமாகக் கரி அள்ளிப்போட்ட பாய்லர்காரர் அன்றோடு வேலையிலிருந்து நிற்கிறார். வேலை முடிந்ததும் பாய்லர் கொட்டகைக்குப் பின்னால் எல்லோரும் கூடினார்கள். சூப்பர்வைசரே பிராந்தி ஊற்றிக் கொடுத்தார். காலையிலிருந்து ஆவியில் வெந்த உடம்பு, முதுகு பிளந்துகொண்டு போகிறது. ஒரு டம்ளர் உள்ளே போனதும் முதுகு யாருடையதோ போல் ஆனது. இதெல்லாம் குடித்தால் பால் நன்றாக ஊறும் என்று பாய்லர்காரர் பெண்டாட்டி சொல்லி, இன்னொரு டம்ளரையும் நீட்டினாள். ஊறாது, ரத்தத்தில் இருப்பது பாலிலும் இருக்கும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னது இவளுக்கு ஞாபகம் இருந்தது. இருந்தாலும், இன்றைக்கு இரண்டு பிள்ளையும் மடிப்புக்காரி பொறுப்புதானே, என் பையன் ராத்திரி மசித்த வாழைப்பழம் சாப்பிட்டுக்கொள்வான், அதற்குள் எல்லாம் இறங்கிவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு அதையும் குடித்தாள்.

அறைக்கு வந்தால் கணக்கு தலைகீழாகக் கிடந்தது. ஆலையில் ஒருத்திக்குக் கையில் சுட்டுவிட்டதாம். ஆள் இல்லை என்று மடிப்புக்காரியை அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் பெரிய வாசல் வழியாகப் போயிருக்கிறாள், இவள் பின் சந்து வழியாக வந்திருக்கிறாள். அவள் புருஷன் தையல்காரன், மூன்று மாதப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நடந்துகொண்டிருந்தான். இவள் பையன் அவர்கள் தொட்டிலில் வயிறு நிறைந்து தூங்கினான். அவன் குடித்த பிறகு கிளம்பும் அவசரத்தில் பெண்ணுக்குக் கொடுக்க நேரமில்லை, அக்கா வந்ததும் கொடுப்பாங்க என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் மடிப்புக்காரி.

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று இஸ்திரிக்காரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு ஏலக்காயை வாயில் போட்டாள். பாலைக் கொஞ்சம் கிண்ணத்தில் பீய்ச்சி முகர்ந்து பார்த்தாள். என்றைக்கும் போல வெள்ளையாக, என்றைக்கும் போன்ற வாசனையோடுதான் இருந்தது. பீய்ச்சிக் கொட்டினால் சுத்தமாகிவிடுமா என்று நர்ஸைக் கேட்டதற்கு, உடம்பிலிருந்து இறங்கினால்தான் பாலிலிருந்தும் இறங்கும், அவசரப்படுத்த முடியாது, காத்திருக்கத்தான் வேண்டும் என்றிருந்தாள். வெளியே குழந்தையின் அழுகை ஒரு படி ஏறியது. இந்த நெஞ்சுக்கு எந்த அழுகையும் ஒன்றுதான், பால் தானாகவே சுரந்து ரவிக்கையை நனைத்தது. கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

கதவைத் திறந்து, இன்றைக்கு முடியாது என்றாள்.

தையல்காரன் அவள் நனைந்த ரவிக்கையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "கொடிக்கயித்துக்காகவா அக்கா?" என்றான்.

முந்தின நாள் துணி காயப்போடுகிற கொடியை வைத்து இரண்டு பெண்களுக்கும் வாய்ச்சண்டை. இவள்தான் அவள் துணியை ஒரு ஓரமாக ஒதுக்கித் தள்ளி, வாய்க்கு வந்தபடி பேசியிருந்தாள். இப்போது அவன் கேட்டதற்கு இல்லை என்று சொல்லலாம். அப்புறம் ஏன் என்பான். டப்பாப் பாலைக் கரைத்துக் கொடுத்தாயா என்று கேட்டாள். மூன்று தரம் கொடுத்துப் பார்த்தானாம், மூன்று தரமும் அவன் சட்டைதான் குடித்ததாம்.

"ஆலைக்குப் போவோம், வா. பையனையும் தூக்கிக்கோ."

"நீங்க ஒண்ணைத் தூக்கக் கூடாதா?"

"ரெண்டையும் நீயே தூக்கு. கேக்காத."

கால் ஒன்றும் தடுமாறவில்லை. ஆனாலும் படியிறங்கும்போது கைப்பிடியை விடவில்லை அவள், தன் கையை அவளே நம்பவில்லை. தெருவில் தையல்காரன் ஆளுக்கொரு தோளாக இரண்டு பிள்ளைகளைச் சுமந்து முன்னால் போக, பெற்றவள் ஒருத்தி கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தாள். பார்த்தவர்கள் எல்லாம் அவளைத்தான் முறைத்தார்கள்.

வெளியாளை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அவனைக் காவல் அறையில் உட்காரவைத்துவிட்டு இவள் மட்டும் உள்ளே போனாள். அந்தக் கூடத்தில் யாரும் யாரிடமும் ரகசியம் பேச முடியாது. துவைக்கிற இயந்திரம், பிழிகிற இயந்திரம், ஆவி சீறுகிற சத்தம். தண்ணீர் வேண்டும் என்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். சூப்பர்வைசரிடம் போய், மடிப்புக்காரியைக் கொஞ்ச நேரம் வெளியே விடுங்கள், பிள்ளை பசியில் அழுகிறது என்று கத்தினாள்.

ஆள் குறைவு என்றுதானே கூப்பிட்டோம், விடுப்பு நாளில் வந்தவளை உடனே வெளியே விட்டால் எப்படி என்றார் அவர். அதோடு விட்டாரா? "தினமும் நீதானே பால் குடுப்ப? இன்னைக்கு என்ன வந்தது?" என்று அவரும் கத்தினார்.

மடிப்பு மேசையிலிருந்து எல்லாத் தலையும் திரும்பின. மடிப்புக்காரியும் நிமிர்ந்து பார்த்தாள். கொடிக்கயிறு ஞாபகம் அவள் முகத்திலும் வந்துவிட்டது, உதடு இறுகியது. அவள் இன்னொரு தடவை தன் பிள்ளையை இந்தக் கையில் தருவாளா? தராவிட்டால் நாளைக்கு இரண்டு பேருக்குமே வேலை இல்லை. சொன்னால் மட்டும் தருவாளா என்ன? குடிகாரி என்று தெரிந்த பிறகும்?

இஸ்திரிக்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் குடிச்சிருக்கேன். என் பால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது."

சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவர் வாயிலும் அதே பிராந்தி வாடைதான். மூடிக்கொண்டு, போ என்று மடிப்புக்காரிக்குக் கையைக் காட்டினார். மேசையைச் சுற்றி நின்றவர்களுக்கு விரிப்புகளில் திடீரென்று அழுக்கு தெரிய ஆரம்பித்தது, குனிந்துகொண்டார்கள்.

மடிப்புக்காரி கையைத் துடைத்தபடி வந்து, இவள் காதருகே நின்றாள். "வீட்டுலயே எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா."

"வாய் வரல."

"உன் பையனா இருந்தா குடுத்திருப்பியா?"

இஸ்திரிக்காரி கொஞ்சம் யோசித்தாள். "பயலா இருந்தா, போகட்டும்னு குடுத்துத் தொலைச்சிருப்பேனோ என்னவோ. அடுத்தவ பிள்ளைன்னதும் பயந்துட்டேன்."

மடிப்புக்காரி காவல் அறைக்கு ஓடினாள். இஸ்திரிக்காரி அவள் இடத்தில் நின்று மடிக்க ஆரம்பித்தாள். இஸ்திரிப் பக்கம் போகாதே, சுட்டுக்கொள்வாய் என்று யாரோ கத்தினார்கள். சிரிப்புக் கேட்டது, ஆனால் குத்துகிற சிரிப்பு இல்லை. விரிப்பின் ஓரங்கள் ஒன்றோடு ஒன்று சேராமல் இழுத்தன. கண்ணும் கரித்தது, ஆவியாகத்தான் இருக்க வேண்டும்.

மடிப்புக்காரி திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது. பெண் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாள் என்றாள். நடுவில் பயல் முழித்துக்கொண்டு, பாப்பா குடிக்கிறாளே என்று பங்குக்கு வந்தான், அவனுக்கும் கொடுத்தாயிற்று, இரண்டையும் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றாள். அவரிடம் விஷயத்தைச் சொன்னதற்கு, ஏலக்காய் வாசனை வந்தபோதே தெரிந்திருக்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டாராம்.

பிறகு குரலை உயர்த்தாமல், வாயசைவு புரிகிற தூரத்துக்கு வந்து கேட்டாள். "நேத்து கொடிக்காக என்னைத் திட்டினியே, அப்பவும் போட்டிருந்தியா?"

"இல்ல. அது வெறும் வயித்துல திட்டினது."

மடிப்புக்காரிக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறாளா, கோபத்தையா என்று இவளுக்குப் பிடிபடவில்லை. நாளைக்குக் காலையில் நான் வேலைக்கு வரட்டுமா, வேண்டாமா என்று இஸ்திரிக்காரி கேட்டாள்.

"வராம? ரெண்டையும் நான் பாத்துக்கறேன்."

"சாயங்காலம்?"

மடிப்புக்காரி இவள் மடித்து வைத்த அடுக்கைப் பார்த்தாள். மேலே இருந்த விரிப்பை உருவி உதறினாள்.

"சாயங்காலம் நீதான். எப்பவாவது குடிக்கறதா இருந்தா முன்னாடியே எங்கிட்ட சொல்லு, நான் லீவு போடறேன். இப்ப இந்த முனையப் பிடி, மடிச்சதைப் பாத்தாலே தெரியுது யார் மடிச்சதுன்னு."