வடிகால்மேல் கண்ணாடி

உள்ளே நுழைந்ததுமே கறிக்கடைக்காரருக்குக் குடலைப் புரட்டியது. பாதி ஆயுசை இதே இடத்தில் ரத்தவாடையில் கழித்த மனிதருக்கு, சென்ட் வாடையில் வாந்தி வருகிறது என்றால் யார் நம்புவார்கள்?

பழைய இறைச்சிச் சந்தை இப்போது பெரிய மனிதர்கள் வந்துபோகும் ஓட்டல். ஆட்டுத்தொடை தொங்கிய கொக்கிகளில் காகிதப் பூ. ரத்தத்தைக் கழுவிவிட்ட நடு வடிகாலைக் கண்ணாடி போட்டு மூடி, உள்ளே நீல விளக்கு வேறு. அவருடைய வெட்டுக்கட்டைக்கு வார்னிஷ் அடித்து, அதன்மேல் இனிப்புகளை அடுக்கியிருந்தார்கள். ஓரத்தில் அவர் கத்தி போட்ட பள்ளம்கூட அப்படியே இருந்தது. அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு இந்தத் தெருவைக் கடந்த கூட்டம், இன்றைக்குக் கொக்கிக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறது. தூ!

துப்பவும் வழியில்லை. எதிரே மகளைப் பெண் கேட்டவர்கள். பேச இந்த ஓட்டலைத் தேர்ந்தெடுத்ததும் அவர்கள்தான். "துணி வியாபாரம்னு சொல்லி வச்சிருக்கேன்பா. காட்டிக்குடுத்துடாதீங்க," என்று வாசலிலேயே மகள் கெஞ்சியிருந்தாள்.

"துணிக்கடை வச்சிருந்தீங்களாமே?" என்றாள் பையனின் அம்மா.

"ஆமாங்க." தன் வாயே அவருக்கு நாறியது.

"இது முன்னாடி கசாப்புச் சந்தையாம். ஐயே! அந்த ஆளுங்கள விரட்டின பிறகுதான் தெருவே உருப்பட்டுச்சு." சொல்லிக்கொண்டே கட்டைமேலிருந்து இன்னோர் இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பையனும் சிரித்தான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தார். மகள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

கை கழுவ எழுந்தார்கள். வடிகால்மேல் போட்ட கண்ணாடி வந்ததும் அப்பாவும் மகளும் காலைத் தூக்கி ஒரே மாதிரி தாண்டினார்கள். சந்தைக்காரர்கள் யாரும் வடிகாலை மிதிக்கமாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு ஓடிவந்த அவள் காலுக்கும் அது பழக்கம்.

"கண்ணாடி உடையாது, தைரியமா மிதிங்க! அதென்ன, ரெண்டு பேரும் ஒரே மாதிரி தாண்டுறீங்க?" என்றாள் பையனின் அம்மா.

அவர் அடுத்த பொய்யைத் தேடினார். மகள் முந்திக்கொண்டாள்.

"ரத்தம் வழுக்கும் அத்தை. சின்ன வயசுல இங்க விழுந்து எங்கப்பாகிட்ட அடி வாங்கிருக்கேன். நீங்க இனிப்பு எடுத்தீங்களே, அது அவரு கறி வெட்டின கட்டை."

பையனின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு தொட்டிப்பக்கம் ஓடினாள். பையன் பேயறைந்தமாதிரி நின்றான். மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கப்பா, போலாம். இங்க நாத்தம் தாங்கல."