உள்ளே ஆள் இருக்கிறார்

சோப்புத் தொழிற்சாலையின் உற்பத்தி மேலாளர் பக்கத்தில் போனால், நின்றுகிடக்கும் எந்த இயந்திரமும் ஓடத் தொடங்கியது, மின்சாரம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. எண்ணெய் விலை ஏறியதால் சோப்பின் எடையைச் சத்தமில்லாமல் குறைத்த அதே வாரத்தில்தான் இது ஆரம்பித்தது. எடை குறைந்ததைத்தான் ஊர் முதலில் பேசியது. மேலாளர் விஷயம் பிறகுதான் காதில் விழுந்தது.

அதற்கு முந்தைய மாதம் அங்கே இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர் ஒருவர் செத்துப்போயிருந்தார். அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்க்க இயந்திரத்துக்குள் இறங்குகிறவர் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் தன் சொந்தச் சிவப்புப் பூட்டைப் போடுவார். பூட்டோடு ஓர் அட்டை தொங்கும். அதில் அவருடைய போட்டோவும், கீழே ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்ற வரியும் இருக்கும். பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்து, பச்சைப் பொத்தானை அழுத்திப் பார்த்து, ஓடவில்லை என்று தெரிந்த பிறகே உள்ளே கால் வைப்பார். சாவி அவர் கழுத்தில் கிடக்கும். பூட்டுக்குச் சொந்தக்காரர் வெளியே வந்து தன் கையால் திறக்க வேண்டும், முதலாளியே ஆனாலும் வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. ஃபிட்டர் இந்த விஷயத்தில் கொஞ்சம் கிறுக்கு. வீட்டில் மனைவி மிக்சியைத் துடைத்து முடிக்கும்வரை பிடுங்கிய பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாராம். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு தடவை பூட்டைத் திறக்க மறந்து, சாவியோடு வீட்டுக்குப் போய், குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார். கலவை இயந்திரம் ஒரு ஷிப்டு முழுக்க நின்றது. அன்றிலிருந்து அவருக்குச் ‘சாவி’ என்றே பெயர். “சாவி, கிளம்பிட்டியா? கழுத்தைத் தடவிப் பாரு” என்று வாசலில் கேலி செய்வார்கள். அவரும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போவார். எல்லோரும் சிரித்தார்கள், மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஒரு ஷிப்டு அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

சம்பவத்தன்று ஃபிட்டர் கலவை இயந்திரத்தின் தொட்டிக்குள் பிளேடு மாற்றிக்கொண்டிருந்தார். மேலாளர் வந்தார். சுவிட்சில் பூட்டு தொங்கியது, அட்டையில் ஃபிட்டர் சிரித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் வீட்டுக்குப் போய்விட்டான் என்று மேலாளர் தானாகவே முடிவுகட்டினார். இரண்டடி நகர்ந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கலாம். அதற்கு அவருக்கு நேரமில்லை. இரும்பு வெட்டும் கத்திரியை எடுத்துவந்து பூட்டை வெட்ட மட்டும் நேரம் இருந்தது. ஃபிட்டரின் மனைவி அதே கூரையின் கீழ், சோப்புக்கு உறை சுற்றும் பகுதியில் இருந்தாள். இயந்திரம் கிளம்பும் சத்தம் அவள் காதில் விழுந்தது. வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது, இன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தாள்.

விசாரணைக்கு வந்தவர்களிடம், “அவன் பூட்டே போடல சார். ஞாபக மறதிக்காரன், யாரை வேணா கேளுங்க” என்றார் மேலாளர். கேட்டார்கள். சாவி என்ற பட்டப்பெயர் ஏன் வந்தது என்று எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள், அந்த உண்மையே பொய்க்குச் சாட்சியாகிவிட்டது. வெட்டிய பூட்டும் அட்டையும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. இறந்தவரின் அஜாக்கிரதை என்று விசாரணை முடிந்தது. புருஷன் போனதை அவள் அழுது தாங்கியிருப்பாள். அந்த அஜாக்கிரதை என்ற சொல்லைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. புருஷன் கழுத்தில் கிடந்த சாவியைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அதே தொழிற்சாலையில் எலக்ட்ரீசியனாக இருந்த தம்பியிடம், “அந்தாளு வாயாலயே சொல்ல வைக்கணும்டா” என்றாள்.

“எப்படிக்கா?”

“அது எனக்குத் தெரியாது. ஆனா சொல்லுவான்.”

முதலில் ஓடியது அதே கலவை இயந்திரம்தான். மேலாளர் கடந்துபோனபோது வெறும் தொட்டி சுற்றத் தொடங்கியது. தம்பி ஒயரைக் கழற்றி, நுனியைக் கையில் பிடித்துக் காட்டினான். அப்படியும் சுற்றியது. மேலாளர் நகர்ந்ததும் நின்றது. பிறகு உறை சுற்றும் இயந்திரங்கள், முத்திரை குத்தும் இயந்திரம், கன்வேயர் பெல்ட் எல்லாம் அவருக்கு எழுந்து நின்று மரியாதை செய்வதுபோல வரிசையாகக் கிளம்பின. ஊருக்குள்ளும் அதே கதைதான். முடிவெட்டப் போனார், டிரிம்மர் தானாகக் கிளம்பிப் பாதி மீசையை எடுத்துக்கொண்டது. பல் மருத்துவர் அவரை வாசலிலேயே கும்பிட்டு அனுப்பினார். ஓட்டுநர் இல்லாமல் நின்ற பேருந்து அவரைக் கண்டதும் புறப்பட்டு, அடுத்த நிறுத்தம்வரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. வீட்டில் மிக்சி ஜாடிக்குள் மனைவி கையை விட்டிருந்த நேரம் பார்த்து அவர் சமையலறைக்குள் நுழைந்தார். விரல் தப்பியது, நகம் போயிற்று. அந்த அம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

எல்லாச் செய்தியையும் தம்பி அக்காவிடம் வந்து சொன்னான். அவள் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். மீசை போன கதையை மூன்று தடவை கேட்டாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, வயிறு குளிர்ந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. நகம் போனதற்கு மட்டும் சிரிக்கவில்லை.

மேலாளர் உள்ளே இருந்தால் இயந்திரத்துக்குள் இறங்க மாட்டோம் என்று ஃபிட்டர்கள் எல்லோரும் கையைக் கட்டி நின்றார்கள். முதலாளி பூட்டு வாங்கிவரச் சொன்னார். பித்தளைப் பூட்டு, எண் பூட்டு, கப்பலில் போடும் பூட்டு என்று வகைவகையாக மேலாளரின் உடம்பிலேயே மாட்டிப் பார்த்தார்கள். எல்லாம் விரல் சொடுக்கும் சத்தத்தோடு திறந்து விழுந்தன. கடைசியில் ஒரு நாள் காலை மேலாளர் பாதி மீசையோடு ஃபிட்டர் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே தையல் இயந்திரம் தடதடவென்று ஓடியது. அவள் உட்காரச் சொல்லவில்லை.

“என் குழந்தைங்க பக்கத்துலகூட போக முடியலம்மா. ஏதாவது பண்ணுங்க.”

“அவரு பூட்டு இருந்தா நின்னுடும். அவருதான் பூட்டே போடலையாமே?”

“என் வீட்லதான் இருக்கு” என்றார் மேலாளர். தூக்கிப்போடப் பயந்து, பூட்டையும் அட்டையையும் தன் வீட்டு பீரோவில் துணிகளுக்கு அடியில்தான் வைத்திருந்தார்.

“எடுத்துட்டு வாங்க. மெஷின் பக்கத்துல, எல்லாரும் இருக்கறப்ப, எப்படி வெட்டினீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் பார்க்கலாம்.”

போனவர் உடனே வரவில்லை. சில வாரம் ஊரைச் சுற்றினார். மகளின் பிறந்தநாளன்று மைத்துனர் வீட்டுத் தெருமுனைவரை போனார். பிள்ளைகளின் பேட்டரி இல்லாத பொம்மைக் கார்கள் கதவைத் தாண்டி ஓடிவந்தன. பின்னாலேயே மகள் வந்தாள், அப்பாவைப் பார்த்தாள், உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் மேலாளர் பூட்டோடு தொழிற்சாலைக்கு வந்தார்.

கலவை இயந்திரம் அவரைப் பார்த்ததும் சுற்றத் தொடங்கியது, அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் அவர் சொல்ல வேண்டியிருந்தது. பூட்டு இருந்தது, நான்தான் வெட்டினேன், எட்டிப் பார்க்கவில்லை, பொய் சொன்னேன். “கேக்கல” என்றாள் அவள். அவர் மறுபடியும் கத்தினார். அவளுக்கு முதல் தடவையே கேட்டிருந்தது. பிறகு பூட்டைக் கையில் வாங்கினாள். அவள் விரல் பட்டதும் வெட்டுப்பட்ட வளைவு, குழந்தைக்குப் பல் முளைப்பதுபோல மெதுவாக வளர்ந்து சேர்ந்தது. அதை மேலாளரின் சட்டையில், நெஞ்சுக்கு நேரான பொத்தான் துளையில் அட்டையோடு மாட்டி அமுக்கினாள். இயந்திரம் நின்றது. ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

“அவரு இழுத்துப் பார்த்ததோட விட மாட்டாரு, பொத்தானையும் அமுக்கிப் பார்ப்பாரு. சோதனை பண்ணிப் பார்க்கணும். உள்ள இறங்குங்க.”

மேலாளர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார். மேலாளர் தொட்டிக்குள் இறங்கி, பிளேடுகளுக்கு நடுவில் நின்று அழுதார். தம்பி ஒயரை மறுபடி இணைத்து மெயின் சுவிட்சைப் போட்டான். அவள் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். ஓடு, ஓடு என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேதான் அழுத்தினாள், இதை அவளே பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறாள். விரல் வெளுக்கும்வரை அழுத்தினாள். இயந்திரம் அசையவில்லை. உள்ளே இருப்பது யாராக இருந்தாலும் ஃபிட்டருடைய பூட்டு காப்பாற்றும் என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். அஜாக்கிரதை என்று சொன்னவர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பொத்தானிலிருந்து கையை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து, முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.

சட்டையைக் கழற்றினால் தெருவில் உள்ள இயந்திரமெல்லாம் கிளம்பிவிடும் என்பதால் மேலாளர் அதோடே குளித்தார், அதோடே தூங்கினார். பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். அப்பாவைக் கட்டிப்பிடித்தால் கன்னத்தில் ஃபிட்டரின் போட்டோ இடித்தது. சில வருடம் கழித்து, தலை நரைத்த பிறகு, அவளிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

“இன்னும் எத்தனை நாளும்மா? சாவி உங்க கழுத்துலதானே இருக்கு.”

“சாவி என்கிட்ட இருக்கு, பூட்டு அவரோடது. சொந்தக்காரர் வெளியே வந்துதான் திறக்கணும், நான் தொடக் கூடாது. அவரு வரட்டும்.”

இப்போது மேலாளர் தொழிற்சாலை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். இயந்திரத்துக்குள் இறங்க வேண்டிய ஃபிட்டர் தன் பூட்டைப் போட்ட பிறகு வாசலுக்கு வந்து, அவர் நெஞ்சில் தொங்கும் பூட்டையும் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார், அட்டையைப் படிப்பார், பிறகு வேலைக்குப் போவார். மேலாளரும் ஃபிட்டர் வருவதைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்து, இழுக்க வசதியாக நெஞ்சைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் கொடுக்கிறார்.