தகட்டுக்கு விட்ட மடிப்பு

தையல்காரர் தன் வீட்டு வாசலில் கட்டிய டிரெய்லர், அலுமினியத் தகடு போர்த்தி முடித்த மறுநாள் காலையில் எல்லாப் பக்கமும் நான்கு விரற்கடை வளர்ந்திருந்தது. ரிவெட்டுகள் தெறித்துத் தரையில் கிடந்தன. மூலைக்கு மூலை பிளைவுட் பல்லை இளித்தது. தெருக்காரர்கள் வந்து பார்த்து, மரமென்றால் உப்பத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். தையல்காரர் மட்டும் டேப்பை எடுத்து மறுபடி மறுபடி அளந்தார். அவர் அளவு ஒரு நூல் பிசகியதாக அதுவரை யாரும் சொன்னதில்லை. சட்டையின் உள்ளே பிரித்துவிட அரை விரல் துணிகூட விடமாட்டார். பிறகு உடம்பு பெருத்தால் அது உடம்பின் தப்பு என்பார். பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைக்கும் மனைவி, கொஞ்சம் விட்டுத் தையுங்களேன் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறாள்.

டிரெய்லரே அவளுக்காகத்தான். கையிலிருக்கும் துணி முடியட்டும், எங்காவது போய்வரலாம் என்று வருஷா வருஷம் சொன்னார், துணி முடிந்தால்தானே. இருவரும் சேர்ந்து வெளியூரில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. கடைசியில் பழைய காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற மாதிரி, இரண்டு பேர் படுக்க ஒரு பெட்டி கட்ட ஆரம்பித்தார். மரவேலை முடிந்த அன்று அவள் சண்டை எதுவும் போடாமல் சொன்னாள்: "மழைக்குள்ள தகடு அடிச்சு முடிங்க. இல்லன்னா நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். கூட்டிட்டுப் போக வராதீங்க." சொன்ன கையோடு பையைக் கட்டி வாசற்படி ஓரம் வைத்தாள். ஒவ்வொரு தடவை டிரெய்லருக்குப் போகும்போதும் அந்தப் பையைத் தாண்டித்தான் அவர் போகவேண்டியிருந்தது.

தகடு கிடைப்பதும் லேசில் இல்லை. முதல் கடையில் கிடைத்தது கை பட்டாலே நெளிந்தது. இரண்டாவது கடைக்காரர் கனமான தகட்டை வாரக்கணக்கில் இதோ அதோ என்று இழுத்தடித்து, கீறல் விழுந்ததைத் தலையில் கட்டினார். பஸ் பாடி கட்டும் பட்டறையில் கழித்துப் போட்டதை வாங்கினால், எவ்வளவு தேய்த்தும் பழைய பெயிண்ட் போகவில்லை. எது வந்தாலும் தையல்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வெட்டினார், ரிவெட் அடித்தார், இடுக்கெல்லாம் சிலிகான் பூசினார், தகட்டின் மேல் ஒட்டி வரும் நீலத் தாளை உரித்து, தன் மூஞ்சி தெரியும்வரை மெருகேற்றினார். மறுநாள் காலையில் டிரெய்லர் வளர்ந்திருக்கும். மேலே கருங்கல்லை அடுக்கிப் பார்த்தார்; கல்லையும் தூக்கிக்கொண்டு வளர்ந்தது. மரம் அறுத்துக் கொடுத்த தச்சரோடு சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை நின்றுபோனது. தகட்டுக் கடைக்காரர் இவரைக் கண்டாலே, வீட்டில் காய்ச்சல் எப்படி என்று கேட்கிற குரலில், மறுபடி வளர்ந்துவிட்டதா என்று விசாரித்தார். தையல்காரருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

முதல் தூறல் விழுந்த காலையில் மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தையல்காரர் தெறித்த ரிவெட்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து தடுக்கவில்லை, தடுக்க அவருக்கு முகம் இல்லை.

"என்ன பண்ணாலும் பத்த மாட்டேங்குது," என்றார்.

அவள் பிளந்த மூலையில் விரலை விட்டுப் பார்த்தாள். "உள்ள மடிப்பு விட்டீங்களா?"

"தகட்டுக்கு யாராவது மடிப்பு விடுவாங்களா?"

"வளர்றது எதுவா இருந்தாலும் விடணும். நான் சொன்னா நீங்க எப்பக் கேட்டீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. எழுந்துபோய்ச் சாக்குக்கட்டியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். அவள் பையை இறக்காமலே, இதுவரை வெட்டிக் கெடுத்த தகடுகளை இழுத்துப் போட்டுக் கோடு கிழித்தாள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற, மூலைக்கு மூலை இரண்டு சாண் உள்ளே மடிந்தது. மேலே ஒரு பட்டையை வைத்து, இறுக்காமல் திருகாணி போடச் சொன்னாள். கீறலும் பழைய பெயிண்டுமாகப் பார்க்கச் சகிக்கவில்லை. தையல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொன்னபடியே செய்தார். சாயங்காலம் மழை வலுத்ததால் அவள் போகவில்லை. மறுநாள் டிரெய்லர் வழக்கம்போல நான்கு விரற்கடை வளர்ந்திருந்தது. மடிப்பு அந்த அளவுக்குப் பிரிந்து கொடுத்திருந்தது. ஒரு திருகாணி அசையவில்லை, உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவள் பையைக் கொண்டுபோய் டிரெய்லருக்குள் வைத்தாள்.

அதற்குப் பிறகு அது வருஷத்துக்கு ஒரு தடவைதான் வளர்கிறது. ஊர் எல்லையில் இருக்கும் சோதனைச் சாவடிக்காரர் புது அகலத்தை எழுதிக்கொண்டு வழிவிடுகிறார். தையல்காரர் இப்போதெல்லாம் சட்டைக்கு உள்ளே துணி விட்டுத்தான் தைக்கிறார். மழை ஆரம்பித்தால் கையிலிருக்கும் துணியை அப்படியே போட்டுவிட்டு இருவரும் கிளம்பிவிடுகிறார்கள். மடிப்பில் இன்னும் ஒரு சாண் பாக்கி இருக்கிறது.