ரோடு வளைந்த இடம்

ஓவர்சியர் ஆதிகேசவன் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தியதும் பாடை நின்றது. தூக்கி வந்தவர்கள் எல்லம்மாளைப் பார்த்தார்கள். இறந்தவர் அவளுடைய அப்பா வேடியப்பன்.

"டவுனுக்குள்ள பொதைக்கக் கூடாதும்மா. ஊருக்கு வெளிய, கண்டிகைப் பக்கம் எடுத்துகினு போங்க."

"எங்க ஆளுங்க எல்லாம் இங்கதாங்க கீறாங்க."

அவள் காட்டிய இடத்தில் கடைத்தெரு ரோடு திடீரென்று வளைந்து, ஏழெட்டுப் புங்கமரங்களைச் சுற்றிக்கொண்டு போனது. அந்த வளைவை நேராக்கச் சொல்லி மூன்று வருடமாக மேலே எழுதிக்கொண்டிருந்தவர் ஆதிகேசவன்.

"இது ஏன் வளையுதுன்னு தெரியுங்களா?" என்றாள். "இந்த டவுனே எங்க இருளர் ஊருங்க. இருவது குடிசை. துரைங்க வந்து அளந்தப்போ சங்கிலி புடிக்க எங்க நைனாவதான் கூலிக்கு வெச்சாங்க. தன் குடிசையவே அளந்து குடுத்தாரு. தபாலாபீஸு நிக்குற எடம் அது. சமாதிங்ககிட்ட வந்ததும் சங்கிலிய கீழ வெச்சிட்டாரு. வூடு போனா வேற கட்டிக்கிறோம், இவங்கள எங்க கூட்டிகினு போறதுன்னாரு. அடிச்சாங்க. மூணு நாளு வெயில்ல அங்கயே குந்திகினு இருந்தாரு. நாலாம் நாளு துரையே வந்து முளைக்குச்சிய புடுங்கித் தள்ளி நட்டாரு."

அப்பா இதைச் சொன்னதில்லை. அம்மா சொல்லிக் கேட்டதுதான். காலையில் குளிப்பாட்டும்போது முதுகில் அந்த அடியின் தழும்புகளை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தாள். சின்ன வயதில் அவளைக் கடைத்தெருவில் கூட்டிப்போகும்போது அவர் எந்தக் கடையின் பெயரையும் சொல்லமாட்டார். ஜவுளிக்கடை வாசலில், "இது குப்பம்மா அடுப்பு" என்பார். சோடாக்கடை தாண்டினால், "இங்க கிணத்துமேடு." முப்பத்தைந்து வருடம் அதே ரோட்டில் கல் உடைத்தவர்.

ஆதிகேசவன் சைக்கிளைத் திருப்பினார். "ஆபீஸ்ல பழைய சர்வே படம் ஒண்ணு கீது. பாத்துட்டு வரேன்."

பாடையைக் கீழே வைக்காமல், தோள் மாற்றி மாற்றிக் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள்.

அவர் திரும்பி வந்து சைக்கிளை ஓரமாகச் சாய்த்தார்.

"படத்துல சமாதின்னு ஒண்ணும் எழுதலம்மா. ரோட்டுக் கோட்ட நேராப் போட்டு, அழிச்சிட்டு, வளைச்சிருக்கான்." பிறகு மெதுவாக, "தோண்டுங்க" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் வராதுங்களா?"

"பாத்துக்கிறேன்."

எல்லம்மாளின் தம்பி முனியன் மண்வெட்டியை எடுத்தான். குழி ஆழமாகும்வரை அவள் அப்பாவின் முகத்து ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொருவராக மண் தள்ளினார்கள். ஆதிகேசவன் செருப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு மரங்களுக்கு இடையே இறங்கி வந்தார். முனியன் நகர்ந்து அவருக்கு இடம் விட்டான்.